ஓர்காக்களின் சாப்பாட்டைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள சேலிஷ் கடலில் 'சதர்ன் ரெசிடென்ட்' என்ற கூட்டத்து ஓர்காக்கள் (கொலைகாரத் திமிங்கிலங்கள்) எதைத் தின்கின்றன என்பது பற்றிய என் ஆய்வேடு முடிந்தது. கூட வேலை செய்தவர்களுக்கு அங்கேயே நன்றி சொல்லிவிட்டேன். என் படிப்புக்குத் துணைநின்ற நம்மவர்களும் அவர்களை அறியட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

முதலில் படகுக்காரர்கள். ஓர்காவின் மலம் கொஞ்ச நேரம்தான் மிதக்கும், அப்புறம் மூழ்கிவிடும். திமிங்கிலத்துக்குத் தொந்தரவில்லாமல் தள்ளியே பின்தொடர்ந்து, வலையால் அதை அள்ளுகிறார்கள். 2006 முதல் 2011 வரை இப்படிச் சேர்த்த 175 மல மாதிரிகளில் இருந்த மீன் டிஎன்ஏவை வைத்துத்தான் 2016இல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. கோடை உணவில் 98 சதவீதத்துக்கு மேல் சால்மன் வகைகள். மொத்தத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் சினூக் என்ற சால்மன் இனம். கோடை முடியும்போது கோஹோ சால்மன் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. நீர்ப்பரப்பில் மிதக்கும் செதில்களையும் துண்டுகளையும் மட்டும் பார்த்த காலத்தில் கோஹோவின் பங்கு இவ்வளவு என்று தெரியவில்லை. என் வேலை அந்த ஆய்வின் தோளில்தான் நிற்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவின் டக்கர் என்ற கறுப்பு நாய்க்கும் நன்றி. படகின் முன்முனையில் நின்று காற்றில் ஓர்கா மலத்தை மோப்பம் பிடித்து வழிகாட்டிய அவனைப் பற்றிப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தேன்.

மலத்தில் திமிங்கிலத்தின் டிஎன்ஏவும் கலந்திருக்கும். அதை அடக்கி, மீனுடையதை மட்டும் பெருக்கும் பக்குவத்தைப் பொறுமையாகச் சொல்லித்தந்த ஆய்வக அக்காவுக்கு நான் கடமைப்பட்டவன்.

ஆனால் யாரும் நினைக்காதவர்கள், ஆற்றுக்கு ஆறு மீன் பிடித்து மாதிரி சேர்த்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் கருவி தரும் டிஎன்ஏ எழுத்து வரிசை எந்த மீனுடையது என்றே தெரியாது. பல ஆய்வகங்கள் சேர்ந்து 13 மரபணுக் குறியிடங்களை (டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களை) பொதுவாக வைத்து உருவாக்கிய சினூக் தரவுத்தளம் இருப்பதால்தான், சேலிஷ் கடலின் சான் ஹுவான் தீவுகளருகே கோடையில் இவை தின்னும் சினூக்கில் பெரும்பகுதி கனடாவின் ஃப்ரேசர் ஆற்று மீன் என்று சொல்ல முடிகிறது. எண்பதுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் இந்த ஓர்காக்களுக்கு எந்த ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பயனுள்ள விடை இல்லை என்பேன்.

1976 முதல் ஒவ்வொன்றையும் முதுகுத் துடுப்பைப் படமெடுத்துக் கணக்கெடுத்துவரும் திமிங்கில ஆய்வு மையத்துக்கும், அதைத் தொடங்கிய மறைந்த கென் பால்கோம்புக்கும் என் வணக்கம்.

மாதிரி எடுத்துத் தந்த ஒவ்வொருவருக்கும், அவரவர் அள்ளியதில் என்ன மீன் இருந்தது என்ற பட்டியலை இந்த வாரம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.