ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள எஸ்யுவியில் ஒரு ப்ரொபெல்லர் ஷாஃப்டை (அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு) கழற்றிவிட்டு ஓட்டினால் எரிபொருள் மிச்சமாகும் என்று தங்கள் வாகனப் பக்கத்தில் யோசனை சொல்லியிருந்தீர்கள். எந்த வகை வண்டிக்கு என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. சில வண்டிகளுக்கு அந்த வேலையே தேவையில்லை. சிலவற்றில் கழற்றியபின் வண்டி ஓர் அடி நகராது. அதே வண்டிகள், நிறுத்திவிட்டு இறங்கினால் சரிவில் தாமாக உருளவும் கூடும். இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் 2எச் (இரு சக்கர இயக்கம்), 4எச் (நான்கு சக்கர இயக்கம்), 4எல் (மெதுவான வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம்) என்று எழுதிய இன்னொரு கம்பி உள்ள வண்டிகளை முதலில் பார்ப்போம். மஹிந்திரா தாரின் நான்கு சக்கர இயக்க மாடல், சுஸுகி ஜிம்னி எல்லாம் இந்த ரகம். விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் இவற்றின் டிரான்ஸ்ஃபர் கேஸில், இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 2எச்-இல் வைத்தாலே இன்ஜின் விசை பின் அச்சுக்கு மட்டும்தான் போகும். எதையும் கழற்ற வேண்டாம்.

இந்த ரக வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் 4எச்-இல் ஓட்டுவதுதான் தவறு. வளைவில் முன் அச்சு, பின் அச்சைவிடப் பெரிய வட்டத்தில் போகிறது. அச்சுகளுக்கிடையே 2.7 மீட்டர் உள்ள ஒரு வண்டியின் பின் அச்சு, 5 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் திரும்பினால் 15.7 மீட்டர் ஓடும். முன் அச்சு 17.9 மீட்டர் ஓட வேண்டும். ஏறக்குறைய ஒரு முழுச் சக்கரச் சுற்று அளவுக்கான அந்த வித்தியாசம், டயர் வழுக்கிக் கொடுத்தால் ஒழிய, ஷாஃப்டிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காக ஏறி நிற்கும். பிறகு கம்பி 4எச்-ஐ விட்டு வராது. பலங்கொண்டு இழுத்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் வளையும். ஸ்டீயரிங்கை நேராக்கிச் சில மீட்டர் பின்னால் வந்தால் முறுக்கு தளர்ந்து கம்பி எளிதாக விடும்.

2எச்-இல் ஓடும்போதும் முன் சக்கரங்கள் தங்களோடு ஆக்ஸில் தண்டுகளையும் முன் டிஃபரன்ஷியலையும் முன் ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இதை நிறுத்தவே, சக்கரத்தை ஆக்ஸில் தண்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீவீல் ஹப் இருக்கிறது. கையால் திருகும் ஹப் என்றால் இரண்டு பக்கமும் ஃப்ரீ என்ற குறிக்கு முழுதாகத் திருப்ப வேண்டும். ஒன்றை லாக்கிலும் மற்றதை ஃப்ரீயிலும் விட்டால் டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் வீணாகச் சுழலும். தானியங்கி ஹப் என்றால் 2எச்-க்கு மாற்றியபின் கொஞ்ச தூரம் ரிவர்ஸில் வந்தால்தான் பலவற்றில் பிடி விடும். அதற்காக மாதக்கணக்கில் ஃப்ரீயிலேயே விட்டுவிடவும் கூடாது. முன் டிஃபரன்ஷியலில் ஆயில் அடியில் தேங்கி, மேலே உள்ள பேரிங்கும் சீலும் காய்ந்துபோகும். மாதம் ஒருமுறை 16 கிலோமீட்டராவது நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டா கையேடு. மண் சாலையிலோ ஈரத் தரையிலோ அதைச் செய்துவிடலாம்.

அடுத்தது, குறுக்காக வைத்த இன்ஜின் முன் சக்கரங்களை ஓட்ட, தேவைப்படும்போது மட்டும் ஒரு கிளட்ச் கப்ளிங் பின் அச்சைச் சேர்க்கும் வண்டிகள். இன்றைய நகர எஸ்யுவிகள் பெரும்பாலும் இவைதான். ரெனோ டஸ்டரின் நான்கு சக்கர இயக்க மாடலில் 2டபிள்யூடி (இரு சக்கர இயக்கம்), ஆட்டோ, லாக் என்று ஒரு திருகியே இருந்தது. அப்படி ஒன்று இல்லாத வண்டியில் கப்ளிங்கின் ஃபியூஸைப் பிடுங்கினாலோ கனெக்டரைக் கழற்றினாலோ பெரும்பாலும் கிளட்ச் திறந்தே நிற்கும். வண்டி முன் சக்கர இயக்கத்தில் ஓடும். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரியும். பல வண்டிகளில் அதோடு சேர்ந்து வழுக்கல் கட்டுப்பாடும் அணைந்துவிடும். சிலவற்றில் ஒரே ஃபியூஸ் ஏபிஎஸ்ஸுக்கும் மின்சாரம் தரும் என்பதால், வயரிங் படத்தைப் பார்க்காமல் ஃபியூஸ் பெட்டியில் கை வைக்கக் கூடாது. பழைய சுபாரு ஆட்டோமேடிக் வண்டிகள் சிலவற்றில் முறை நேர்மாறானது: எஃப்டபிள்யூடி (முன் சக்கர இயக்கம்) என்று எழுதிய காலி இடத்தில் ஒரு ஃபியூஸைச் செருகினால்தான் பின் சக்கர இயக்கம் நிற்கும். அளவு குறைந்த ஸ்டெப்னியைப் போட்டு ஓட்ட நேரும்போது கிளட்ச் சூடாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இந்த ரகத்தில் எரிபொருள் மிச்சம் என்று சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. கப்ளிங் வழக்கமாகப் பின் டிஃபரன்ஷியலை ஒட்டியே இருக்கிறது. அதைத் திறந்துவிட்டாலும் முன்னால் உள்ள கோணப் பற்சக்கரப் பெட்டியும் நீண்ட ஷாஃப்டும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். சீரான சாலையில் அந்தக் கிளட்ச் எப்படியும் பெரும்பாலான நேரம் விசையைக் கடத்துவதில்லை. டயர்களில் காற்றைச் சரியாக வைத்தால் இதைவிட அதிகம் மிச்சமாகும்.

நான் அஞ்சுவது மூன்றாவது ரகத்தைப் பற்றி: எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும், நடு டிஃபரன்ஷியல் உள்ள வண்டிகள். லாடா நிவா, லேண்ட்ரோவர் டிஃபெண்டர், 2005-இல் வந்த சுஸுகி கிராண்ட் விட்டாரா போன்றவை. திறந்த டிஃபரன்ஷியலின் குணம், எதிர்ப்பு குறைந்த பக்கத்துக்கே சுழற்சியைக் கொடுத்துவிடுவது. ஒரு ஷாஃப்டைக் கழற்றினால் அந்தப் பக்கத்து ஃபிளாஞ்ச் (ஷாஃப்டைப் பூட்டும் தட்டு) வெறுமனே சுழலும், வண்டி அசையாது. நடு டிஃபரன்ஷியலை லாக் செய்தால்தான் மீதியுள்ள அச்சுக்கு விசை போகும். சில வண்டிகளில் லாக் போட்டதுமே வழுக்கல் கட்டுப்பாடு விலகிக்கொள்ளும். இரண்டு அச்சும் பகிர்ந்த விசையை ஒரே அச்சு தாங்க வேண்டியிருப்பதால், பாரம் ஏற்றியோ டிரெய்லர் இழுத்தோ ஓட்டவே கூடாது.

நிறுத்தி வைக்கும்போதும் இதே குணம்தான் ஆபத்தாகிறது. ஆட்டோமேடிக் கியரில் பார்க் என்பது சக்கரத்தைப் பிடிப்பதில்லை; கியர்பாக்ஸின் வெளித்தண்டைத்தான் பிடிக்கிறது. ஒரு ஷாஃப்ட் இல்லாமல், நடு டிஃபரன்ஷியலும் லாக் ஆகாமல் இருந்தால், பார்க்கில் போட்டிருந்தாலும் காலியான ஃபிளாஞ்ச் எதிர்த்திசையில் சுழன்று வழிவிட, வண்டி சரிவில் இறங்கும். மேனுவல் வண்டியை முதல் கியரில் நிறுத்தினாலும் இதே கதிதான். டிஃபெண்டரில் இன்னொரு சிக்கல்: பழைய மாடல்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க வெளித்தண்டில் இருக்கும் ஒரு டிரம்மில்தான். பின் ஷாஃப்டைக் கழற்றி, லாக்கும் போடாவிட்டால் ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் அது எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது.

பழுது காரணமாகக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரலாம். முன் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட் (முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டு) உடைந்து வழியில் நிற்கும்போது வேறு வழி இருக்காது. அப்போது சமதளத்தில் நிறுத்தி, அடியில் போகும் முன்பே முன் பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். போல்டு கழன்ற நொடியில் வண்டி நகரக்கூடும் என்றே நினைத்து வேலை செய்ய வேண்டும். இரண்டு முனைகளிலும் ஃபிளாஞ்சையும் ஷாஃப்ட் முனையின் கவட்டையான யோக்கையும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மாற்றிப் பூட்டினால் அதிர்வு வரும். வழக்கமாக முனைக்கு நான்கு போல்டு. ஒரு முனையை மட்டும் கழற்றி ஷாஃப்டைத் தொங்கவிட்டால் மறுமுனை ஜாயின்ட் வளைந்து கெடும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைந்து நிற்கும் ஸ்லிப் யோக் என்றால், உருவியதும் சீல் வழியாக ஆயில் கொட்டும். அந்தத் துளைக்கு மூடி இல்லாமல் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலின்றி எரிந்துபோகும். திரும்பப் பூட்டும்போது தானாகக் கழலாதபடி பிடித்துக்கொள்ளும் நட்டுகளுக்குப் புதியவை போட்டு, கையேட்டில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் முறுக்கு அளவு) இறுக்க வேண்டும்.

ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்குப் பதிலாகச் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் தண்டுகளை உருவிவிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. பல வண்டிகளில் வெளிப்புற சிவி ஜாயின்டின் (சக்கரம் திரும்பும்போதும் விசையைக் கடத்தும் மூட்டு) முனையும் அதன் பெரிய நட்டும்தான் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே சாய்ந்துவிடும். தண்டை எடுத்தே ஆக வேண்டுமென்றால், சிவி ஜாயின்டின் வெளிமுனையை மட்டும் தனியே பிரித்து ஹப்பில் செருகி, நட்டை முழு டார்க்குக்கு இறுக்கியபின்தான் சக்கரம் தரையைத் தொடலாம்.

தங்கள் குறிப்பைப் படித்த எத்தனையோ பேர் இதற்குள் ஸ்பானரை எடுத்திருக்கலாம். பார்க்கும் ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காமல் போகக்கூடும் என்ற எச்சரிக்கையை, இந்தக் கடிதம் முழுதாக வெளிவர இடமில்லாவிட்டாலும், அதே வாகனப் பக்கத்தில் தனியாகவாவது அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்கு சக்கர இயக்க வாகனங்களைப் பழுதுபார்க்கும் வாசகர்