யுபிஎஸ் ஏற்க மறுத்த ஜெனரேட்டர்: திரும்பப் பெறக் கோரி

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மேடை நிகழ்ச்சிக்கென்று சொல்லி, கேட்டு வாங்கிய 5000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டர் அந்த வேலைக்கு உதவாதது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி, ஒளி அமைத்துக் கொடுப்பது என் தொழில். இரண்டு மாதங்களுக்கு முன் உங்கள் நிறுவனத்திடம் சக்கரம் வைத்த பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினேன். அது ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, பல்பு எரிகிறது. ஆகவே என் புகாரை 'ரிப்பேர்' என்று உங்கள் ஆட்கள் பதிவு செய்திருப்பது தவறு. மெஷின் கெட்டுப்போகவில்லை. என் வேலைக்கு ஒத்துவராத மெஷினை, ஒத்துவரும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

வாங்குவதற்கு முன் மெயிலில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தேன். எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து அனுப்பும் டிஜிட்டல் மிக்சர், ஸ்டேஜ் பாக்ஸ், பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, சப்வூஃபர் இரண்டு, எல்இடி பார் லைட் 12, மூவிங் ஹெட் என்கிற சுழலும் லைட் 4, கீபோர்டு, கிடார் ஆம்ப், லேப்டாப். எல்லாம் சேர்ந்து சுமார் 3700 வாட் இழுக்கும் என்று மீட்டர் வைத்து அளந்த கணக்கும் அதில் இருந்தது. கடைசியில் இரண்டே கேள்வி கேட்டிருந்தேன். மிக்சருக்கும் லைட்டுக்கும் ஏற்ற சுத்தமான கரண்ட் இதிலிருந்து வருமா? இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் எடுப்பதா, சாதாரண வகையே போதுமா?

உங்கள் விற்பனை ஆலோசகரிடமிருந்து வந்த பதில் இவ்வளவுதான்: 5000 வாட் மாடல் தாராளம், ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) இருப்பதால் எலெக்ட்ரானிக் பொருளுக்குப் பயமில்லை. அதை நம்பித்தான் வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, அந்த 5000 என்பது சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து கொடுக்கக்கூடியது 4200 வாட் என்று பின்பக்கத் தகட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. பெட்டியின் மேல் உள்ளங்கை அகலத்தில் 5000. தகட்டில் எறும்பு அளவில் 4200. சரி, என் 3700 அதற்குள் அடங்கிவிடுகிறதே என்று அதையும் விட்டுவிட்டேன். ஆனால் எப்போதும் கிட்டத்தட்ட 90 சதவீத லோடில்தான் ஓடப்போகிறது என்பது அன்றைக்கே எனக்கு உறுத்தியது. சப்வூஃபர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பு இழுக்கும். லைட்டெல்லாம் ஒரே நேரத்தில் முழு வெள்ளைக்குப் போகும்போது இன்னொரு இழுப்பு. இந்த இழுப்புகளுக்கு இடம் விட்டுத்தான் ஜெனரேட்டர் தேர்ந்தெடுக்க வேண்டும். 'தாராளம்' என்ற வார்த்தையை உங்கள் ஆலோசகர் எதை வைத்துச் சொன்னார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நிகழ்ச்சியன்று நடந்தது இது. திறந்தவெளி மேடை. முதல் பாட்டு தொடங்கியதும் மிக்சருக்குக் கொடுத்திருந்த யுபிஎஸ் பீப் அடிக்க ஆரம்பித்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறது, ஆனாலும் யுபிஎஸ் அதைக் கரண்ட் என்றே ஒப்புக்கொள்ளாமல் பேட்டரிக்குப் போய்விட்டது. ஒரு நிமிடம் திரும்பும், மறுபடி பேட்டரிக்குப் போகும். 18 நிமிடத்தில் பேட்டரி தீர்ந்து மிக்சர் அணைந்தது. பாட்டின் நடுவே முழு மேடையும் ஊமையாகிவிட்டது. யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு மிக்சரை நேராக ஜெனரேட்டரில் மாட்டினோம். அது உயிர் பெற்று எழவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அப்புறம் லைட் முழுசாக எரிந்த நேரத்தில் இன்னும் இரண்டு முறை தானாக ரீஸ்டார்ட் ஆனது. நல்லவேளை, டிரம்ஸுக்குக் கரண்ட் தேவையில்லை; அந்த மனிதர் தனியாளாக வாசித்துக் கூட்டத்தைப் பிடித்து வைத்தார்.

மறுநாள் உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினேன். கேபிள் நீளம்தான் காரணம் என்றார்கள். அதில் பாதி நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நான் போட்டது 50 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள். 16 ஆம்பியர் போகும்போது அதில் சுமார் 14 வோல்ட் குறையும். இன்னும் தடிமனான கேபிள் போட்டிருக்க வேண்டும். அது என் கணக்குப் பிசகு. ஆனால் கேபிள் வோல்டேஜைத்தான் தின்னும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்ற கணக்கை, தின்னாது. ஜெனரேட்டரின் சாக்கெட்டிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தேன். லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 48. என் யுபிஎஸ் ஏற்கும் எல்லை 49 முதல் 51 வரை. அது பீப் அடித்ததில் என்ன ஆச்சரியம்?

இந்த வகை ஜெனரேட்டரில் ஹெர்ட்ஸ் என்பது இஞ்சின் வேகம்தான். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 50 ஹெர்ட்ஸ். லோடு ஏறினால் இஞ்சின் திணறும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம் சுதாரித்து பெட்ரோலைக் கூட்டுவதற்குள் வேகம் இறங்கிவிடும். நீங்கள் பெருமையாகச் சொன்ன ஏவிஆர் வோல்டேஜைத்தான் பார்த்துக்கொள்ளும். இஞ்சின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கரண்டின் அலைவடிவத்தையும் அது சீராக்காது. இன்வெர்ட்டர் வகையில் வருகிற கரண்டை முதலில் டிசி ஆக்கி, மறுபடி ஏசியாக மின்னணுச் சுற்று உருவாக்குகிறது. இஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே வருவது 50 ஹெர்ட்ஸ்தான். அலைவடிவத் திரிபு, நாங்கள் டிஎச்டி என்று சொல்வது, நல்ல இன்வெர்ட்டர் மாடல்களில் 3 சதவீதத்துக்குள் இருக்கும். உங்கள் மாடலின் கையேட்டில் அந்த எண்ணே இல்லை. கேட்டு மூன்று மெயில் அனுப்பியும் பதில் இல்லை. எல்இடி லைட்டுகளின் பவர் சப்ளை பெரும்பாலும் அலையின் உச்சியில் மட்டும் கரண்டை உறிஞ்சும். ஏற்கெனவே கோணலான அலை இன்னும் தட்டையாகும். என் பட்டியலில் பாதிக்கு மேல் எல்இடி என்பதைப் பார்த்த பிறகும் எனக்கு இதைச் சொல்ல உங்களிடம் ஆள் இல்லையா?

அப்புறம், 50 மீட்டர் தள்ளி ஏன் வைத்தேன் என்றும் கேட்டார்கள். சத்தம்தான் காரணம். விளம்பரத்தில் 68 டெசிபல் என்று போட்டிருக்கிறீர்கள். அது 7 மீட்டர் தூரத்தில், கால்வாசி லோடில் அளந்தது என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முழு லோடில் அது போடும் கூச்சலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு புல்லாங்குழலுக்கு மைக் வைக்க முடியாது.

இதற்கு உங்கள் சேவை ஊழியர் சொன்ன வழிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. மேடைக்குப் பின்னாலேயே வைத்து, துணி மறைப்புக்குள் மூடிவிட்டால் சத்தமும் குறையும், கேபிளும் மிச்சம் என்றார். மேடைக்குப் பின்னால்தான் கலைஞர்கள் உடை மாற்றுகிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்ரோல் இஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மயக்கம் வருகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. மூடிய இடத்தில் ஓட்டாதீர்கள் என்று உங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் அச்சடித்திருக்கிறது. உங்கள் ஊழியர் அதைப் படிக்கவில்லை. இந்த யோசனையை இதற்கு முன் யாருக்காவது சொல்லியிருந்தால், அவர்களைத் தேடிப்பிடித்து இன்றைக்கே தடுத்துவிடுங்கள்.

எர்த் விஷயமும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி) ஜெனரேட்டரின் பாடியோடு இணைந்திருக்கிறதா, தனியாக மிதக்கிறதா என்று கையேட்டில் இல்லை. போனில் இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னார்கள். நானே சோதித்தேன்: மிதக்கிறது. ஆகவே ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் இடையில் சோதிக்கும் சாக்கெட் டெஸ்டருக்கு என் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகவில்லை. பாடகர் கையில் மைக்கோடு ஈரப் புல்லில் நிற்கும் தொழில் இது. இதற்கு எழுத்தில் ஒரு தெளிவான பதில் கொடுங்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு 1800 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் இரண்டை வாடகைக்கு எடுத்து, பேரலல் கேபிளில் இணைத்து ஓட்டினேன். மூவிங் ஹெட் இரண்டைக் குறைத்துக்கொண்டேன், லோடு குறைந்தால் இஞ்சின் வேகத்தைக் குறைத்து பெட்ரோலை மிச்சப்படுத்தும் இகோ மோடை அணைத்து வைத்தேன், தடித்த கேபிள் போட்டேன். மற்றதெல்லாம் அதே சாமான், அதே யுபிஎஸ். மூன்று மணி நேரத்தில் ஒரு பீப் கூட வரவில்லை. மொத்த வாட் உங்கள் மெஷினைவிடக் குறைவு என்பதைக் கவனிக்கவும்.

நான் கேட்பது இது. ஜெனரேட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். அல்லது என் பட்டியலுக்குப் பொருந்தும் இன்வெர்ட்டர் மாடலை மாற்றிக் கொடுங்கள், விலை வித்தியாசத்தை நான் கட்டிவிடுகிறேன். இரண்டாவது வழியென்றால் தொடர் வாட், டிஎச்டி, முழு லோடில் சத்தம், நியூட்ரல் நிலை ஆகிய நான்கையும் எழுத்தில் தந்த பிறகே பெற்றுக்கொள்வேன். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போவேன். முதல் மெயில், உங்கள் பதில், பில், மீட்டர் அளவுகளின் படங்கள், மிக்சர் அணைந்த நேரம் பதிவான வீடியோ எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஜெனரேட்டரில் பெட்ரோலை வடித்து, துடைத்து, பெட்டியோடு கிடங்கில் வைத்திருக்கிறேன். வண்டி அனுப்புவதற்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் டெக்னீஷியன் வந்து ஓட்டிப் பார்க்க விரும்பினால் அதே லோடையும் மீட்டரையும் தயாராக வைக்கிறேன்; யுபிஎஸ்ஸும் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்