கொக்கி வைத்த ஆல்பம்

அன்புள்ள தோழிக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? இனி உன்னை ஓர் இடத்தில் உட்கார விடமாட்டாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். மூன்று மாதமாக ஒரே ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தேன். நேற்றுதான் முடிந்தது. நம் விடுதி ஆல்பம்.

அந்தப் படங்கள் இத்தனை நாளும் எங்கே இருந்தன தெரியுமா? பக்கம் முழுக்கப் பசைக் கோடுகள் ஓடி, மேலே ஒரு கண்ணாடித் தாள் மூடியிருக்குமே, அந்த மாதிரி ஆல்பத்தில். அப்போது அது எவ்வளவு சௌகரியமாகத் தெரிந்தது! 30 வருடம் கழித்துத் திறந்தால் பசை பழுப்பேறி, படங்கள் பக்கத்தோடு இறுகிப் போயிருந்தன. கையால் இழுத்திருந்தால் கிழிந்திருக்கும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே மொபைலில் படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் பல்லிடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலை ஓர் அடி நீளத்துக்கு எடுத்து, படத்தின் மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னுமாக மெதுவாக இழுத்தேன். படத்தை மட்டும் வளைக்கக் கூடாது. வளைத்தால் மேல்பூச்சு விரிசல் விட்டுவிடும். சில படங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆனது. 41 படங்களில் 38 முழுசாக வந்துவிட்டன. மூன்று வரவே இல்லை. அவற்றைப் பக்கத்தோடு சேர்த்து வெட்டி வைத்திருக்கிறேன். உன் வீட்டிலும் அப்படி ஓர் ஆல்பம் இருந்தால் இன்றைக்கே திறந்து பார், தள்ளிப் போடாதே.

படங்களுக்குக் கீழே, அதே பெட்டியில், ஒரு சாவியும் கிடைத்தது. நம் அறைத் தகரப் பெட்டியின் சாவி! இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி, ஒரே சாவி என்று வைத்திருந்தோமே, அதுதான். பெட்டி எப்போதோ போய்விட்டது. பித்தளைச் சாவி அப்படியே இருக்கிறது. அதன் வளையம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, நம் விரல் பட்ட இடம். அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த ஆல்பத்துக்கு உலோக வேலைதான் பொருத்தம் என்று தோன்றியது.

முதலில் செய்தது சரியாக வரவில்லை. ஆசையில் தாளுக்குத் தாள் ஐலெட் (துளையின் ஓரத்தில் பதிக்கும் உலோக வளையம்), பித்தளைப் பூ, சின்னச் சின்ன சட்டம் என்று வைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் உயரம்தான். ஆனால் 12 தாள் சேர்ந்தபோது வெளிப்பக்கம் 18 மில்லிமீட்டர் உப்பிவிட்டது. முதுகுப் பக்கம் ஒரு பருமனும் கூடவில்லை. ஆல்பம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதைவிட மோசம், செம்புத் துண்டு ஒன்றில் வினிகரும் உப்பும் தடவிப் பச்சை நிறம் வரவைத்திருந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. மழை நாட்கள் முடிவதற்குள் அந்தப் பச்சை, பக்கத்துத் தாளில் ஊறி இறங்கிவிட்டது. செம்பின் களிம்பு காகிதத்தையே அரிக்கும், காலப்போக்கில் அந்த இடம் பழுப்பாகி நொறுங்கும். நல்லவேளை, அந்தப் பக்கத்தில் படம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் பிரித்தேன். உலோகம் எங்கே வேலை செய்யுமோ அங்கே மட்டும் வைப்பது என்று முடிவு செய்தேன். மூலை மடங்காமல் காக்க, அட்டை திறந்து மூட, ஆல்பத்தை அழுத்திப் பிடிக்க. அது போக அலங்காரத்துக்கு என்று இரண்டே இரண்டு.

முதுகுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு தாளுக்கு நடுவே, தைக்கும் ஓரத்தில் மட்டும், இரண்டு சென்டிமீட்டர் அகல அட்டைப் பட்டை ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும். படங்களும் மற்றதும் சேர்ந்து எவ்வளவு பருமன் ஆகுமோ, அவ்வளவு பருமன் முதுகிலும் ஏறிவிடும். அமிலமில்லாத கெட்டித் தாள், இரண்டரை மில்லிமீட்டர் மேலட்டை, முதுகுக்குக் காடாத் துணி. படங்களைப் பசை போட்டு ஒட்டவே இல்லை. நான்கு மூலைக்கும் தாளில் சின்ன உறை மடித்துச் செருகியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வைக்கலாம். பிளாஸ்டிக் உறை வாங்குவதாக இருந்தால் பி.வி.சி. மட்டும் வேண்டாம், அது நாளாக ஆக அமில ஆவி விடும்.

மேலட்டையின் நடுவில் ஒரு அலுமினியத் தகடு. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமன்தான், கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். பழைய மௌஸ் பேட் ஒன்றைக் கீழே போட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் பின்பக்கத்திலிருந்து அழுத்தி வரைந்தேன். பின்பக்கம் பள்ளமானால் முன்பக்கம் மேடாகும், எழுத்தை இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தாக எழுத வேண்டும். நம் அறையின் ஜன்னலையும் அதன் வழியே தெரியும் மரத்தையும் வரைந்திருக்கிறேன். ஜன்னல் கம்பிகள் ஐந்துதானே? எனக்கு ஐந்து என்றுதான் நினைவு. மேடு அமுங்கிவிடாமல் இருக்கப் பின்பள்ளத்தில் இரண்டு கலவை சேர்த்துப் பிசையும் எபாக்ஸி மாவை நிரப்பினேன். கடைசியாகக் கறுப்பு அக்ரிலிக் பெயின்டைப் பூசி, காய்வதற்குள் துணியால் துடைத்தேன். மேடெல்லாம் பளிச்சென்று வெள்ளையாக, பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்க, அந்த ஜன்னல் அப்படியே எழுந்து வந்தது. துணியைக் கையில் பிடித்தபடி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது அலங்காரம் சாவி. அதன் அடியில் ஒரு செம்புத் தகடு. இந்த முறை வினிகரெல்லாம் இல்லை. தகட்டை நன்றாகத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, குறடால் பிடித்து அடுப்புத் தீக்கு மேலே காட்டினேன். முதலில் ஆரஞ்சு ஓடியது, அதன் பின்னால் சிவப்பு, பிறகு ஊதா, நீலம். எல்லாம் சில நொடிக்குள். நீலம் எட்டிப் பார்த்த உடனே எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் நிறமெல்லாம் வெளுத்து அப்புறம் கறுத்துவிடும். நான்கு துண்டு வீணானது, ஐந்தாவது வாய்த்தது. வார்னிஷ் அடித்தால் அந்த நிறம் மங்குகிறது என்பதால் மெழுகு மட்டும் தேய்த்திருக்கிறேன்.

சாவியைப் பசையால் ஒட்ட மனம் வரவில்லை. இரண்டு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியால் ரிவெட் அடித்தேன். கம்பி இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுத்தியலின் உருண்டைத் தலையால் லேசாகத் தட்டத் தட்ட, முனை காளான் போல விரிந்து உட்காரும். பலமாக ஓர் அடி போட்டால் கம்பி வளைந்துவிடும். உட்புறத்தில் தெரியும் ரிவெட் தலைகளின் மேல் ஒரு கெட்டித் தாளை ஒட்டி மூடிவிட்டேன். உலோகம் எதுவும் படத்தைத் தொடாது.

கடைசியாகக் கொக்கி. பழைய ஐரோப்பியப் புத்தகங்களில் கொக்கி வைத்ததற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அவை விலங்குத் தோலைப் பதப்படுத்திச் செய்த தோல்தாளில் எழுதியவை, ஈரப்பதம் ஏறினால் தோல்தாள் நெளிந்து உப்பும். அதை அழுத்திப் பிடிக்கத்தான் கொக்கி. பின்னால் 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்ற புகைப்படக்காரர் அட்டையில் ஒட்டிய சின்னப் புகைப்படங்களுக்குக் காப்புரிமை வாங்கி, 1860களில் வீட்டுக்கு வீடு படம் சேர்க்கும் பழக்கம் பரவியபோது, அந்தப் படங்களை வைக்கச் செய்த ஆல்பங்களிலும் அதே பித்தளைக் கொக்கி வந்தது. நான் செய்ததும் அந்த மாதிரிதான். பித்தளைப் பட்டையை ஓர் ஆணியின் மேல் சுற்றி வளைத்து, முனையை அரத்தால் மழுக்கி, விரலால் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துச் சரிசெய்தேன்.

ஒரு படத்தைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டும். மொட்டை மாடியில் துணி காய்கிறது, நீ கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஏதோ ஒரு தாளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். அது என்ன தாள்? யார் எழுதியது? படம் எடுத்தது நான்தான், ஆனால் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்தப் பக்கத்தில் படத்துக்குக் கீழே பாதி இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீதான் எழுத வேண்டும். தாளில் பேனாவால் எழுதலாம், படத்தின் பின்னால் மட்டும் பேனாவை வைக்காதே. எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல்.

அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். ஆறு மாதம் உன்னிடம் இருக்கட்டும், அப்புறம் என்னிடம். அந்தச் சாவியை நாம் அப்படித்தானே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். வந்ததும் படுக்கை வசத்தில் வை, நிறுத்தி வைத்தால் பக்கங்களின் கனம் முதுகை இழுக்கும். மேலே வேறு புத்தகம் அடுக்காதே. பித்தளை மங்கினால் மங்கட்டும், பாலிஷ் எதுவும் போட வேண்டாம், அந்தத் திரவம் தாளில் இறங்கிவிடும். பேத்தி சாவியைத் தடவிப் பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாகத் தடவட்டும்.

கொக்கியைத் திறக்கும்போது மேலே தூக்காதே, இடது பக்கமாகத் தள்ளு. முதல் தடவை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

உன் அன்புத் தோழி