சத்து மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் கோபுரம், வைஃபை ஆகியவற்றின் மின்காந்த அலைகள் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், அதனால் வரும் தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு ஆகியவற்றைத் தணிக்க என்ன சத்து மாத்திரை சாப்பிடலாம் என்றும் கேட்பவர்களை அண்மைக் காலமாக அடிக்கடி சந்திக்கிறேன். அப்படிக் கேட்டவர்களில் என் மனைவியும் ஒருவர் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் உள்ள மாடியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் கோபுரம் அமைத்தார்கள். அதன் பிறகு சில மாதங்களில் அவருக்குத் தூக்கம் குறைந்தது, எப்போதும் அசதி, பாதங்களில் எறும்பு ஊர்வது போல ஒரு மதமதப்பு. கோபுரம்தான் காரணம் என்று உறுதியாக நம்பிய அவர், அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, அதன் மேல் கனத்த ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டு, கூடத்தில் படுக்கத் தொடங்கினார். தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில் மெக்னீசியம், தூக்கத்துக்கான மெலடோனின், ஜின்கோ என்னும் மூலிகைச் சாறு, ஆன்டிஆக்ஸிடன்ட் என்று நான்கு புட்டிகள் வீட்டுக்கு வந்தன. மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அவற்றில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோதுதான், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு உரியதன்று என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் இருப்பதைக் கண்டேன். சட்டப்படி இவை உணவுப் பொருள்களின் வகையில் சேர்ந்தவை. ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி இவற்றை விற்கக் கூடாது.

அவருடைய சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் புட்டிகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றோம். இதயத்துக்காக என் மனைவி தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுவதால், ரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடிய ஜின்கோவை அன்றே நிறுத்தச் சொன்னார். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மெக்னீசியம் உடலில் தேங்கிவிடும் என்பதால் அதற்கும் ஒரு பரிசோதனை எழுதினார். ரத்தப் பரிசோதனையில், நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருந்தது. நாங்கள் சைவ உணவுக்காரர்கள். பாலும் தயிரும்தான் எங்கள் உணவில் அந்தச் சத்துக்கு முக்கிய வழி. போதாக்குறைக்கு, சர்க்கரை நோய்க்காகப் பதினொரு ஆண்டுகளாக அவர் சாப்பிட்டுவரும் மெட்ஃபார்மின் மாத்திரை, பி12 உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியது. நாங்கள் வாங்கி அடுக்கிய நான்கு புட்டிகளில் எதிலும் பி12 இல்லை! ஊசி போடத் தொடங்கிச் சில வாரங்களில் மதமதப்பு பெருமளவு குறைந்தது. தூக்கம் இன்னும் முழுமையாகச் சீராகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேதனையைக் கற்பனை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2005இல் வெளியிட்ட குறிப்பில், இந்த அறிகுறிகள் உண்மையானவை என்று ஒப்புக்கொண்டு, அவற்றை மின்காந்த அலைகளோடு தொடர்புபடுத்த அறிவியல் அடிப்படை இல்லை என்று கூறியது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், செல்போன் அலை தமக்குத் தலைவலி தருவதாகச் சொன்ன 60 பேரும், அப்படிச் சொல்லாத 60 பேரும் சோதிக்கப்பட்டனர். உணர்திறன் உள்ளதாகச் சொன்னவர்களில், உண்மையான அலை வெளிப்பட்டபோது 60 விழுக்காட்டினரும், அலையே இல்லாத பொய்ச் சோதனையின்போது 63 விழுக்காட்டினரும் அலை இருப்பதாக நம்பினார்கள். தலைவலி இரு நிலைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. வந்துவிடுமோ என்ற அச்சமே உடலை வருத்த வல்லது என்பதையே இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். 2011இல் இந்த அலைகள் ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை’ என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால் அது நீண்ட காலப் பாதிப்பு குறித்த ஐயமே தவிர, இன்றைய தலைவலிக்கும் மதமதப்புக்கும் விளக்கம் ஆகாது.

கோபுரத்தைப் பற்றிக் கவலை உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நம் நாட்டில் 2012 செப்டம்பரில், கோபுர அலைகளுக்கு அனுமதிக்கப்படும் அளவு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளம் வழியாகக் கட்டணம் செலுத்தி, தம் வீட்டருகே உள்ள அலையின் அளவைச் சோதிக்கக் கோரலாம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில், இத்தகைய அறிகுறிகள் உள்ளவர்கள் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்வது பற்றி மருத்துவர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழக அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை நோயாளிகளின் வீடு தேடி மாத்திரை வருகிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களில் பி12 குறையும் அபாயம் உள்ளவர்களைக் கண்காணிக்குமாறு பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவுறுத்தியது. ஆண்டுக்கணக்கில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவரும் நம் முதியவர்களுக்கும் அதே திட்டத்தின் கீழ் பி12 பரிசோதனை செய்ய அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்