லிவர்பூல் சித்தப்பாவுக்கு ஓர் ஆர்சனல் கடிதம்

ஈஸ்ட்ஹாம், லண்டன்
2025 ஆகஸ்ட் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் சித்தியும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன்.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சித்தி கேட்பார். காரணமே சித்திதான். ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்தால், சாப்பிட்டாயா, இருமல் விட்டதா, வாடகை கூட்டினார்களா என்று அவர் கேட்டு முடிய எனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். போன கிழமை உங்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு வசனம்: "என்னடா, இந்த முறையும் இரண்டாமிடம்தானே?" அதோடு போன் கைமாறிவிட்டது. பின்னால் நீங்கள் சிரித்தது மட்டும் கேட்டது. திருகோணமலையில் இருந்துகொண்டு லிவர்பூல் கால்பந்து அணிக்குக் கத்துகிறவர் நீங்கள், லண்டனில் இருந்துகொண்டு ஆர்சனலுக்குக் கத்துகிறவன் நான். இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கில் என் அணியின் இடத்தைத்தான் கேட்டீர்கள். அந்த ஒரு வசனத்துக்குத்தான் இத்தனை பக்கமும் பதில். கடைக்குப் போகும்போது கொண்டுபோய் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

என் பாடு பழையபடிதான். இரவு வேலை, பார்சல் பிரிப்பது. போன மாதம் மூன்று மணித்தியாலச் சம்பளத்தைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு கிழமை கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். இது சித்திக்கு வேண்டாம். விடிய வந்து படுத்தால் மத்தியானம் எழும்புவேன். மேல்மாடியில் ஆளுக்கொரு அறை, நாலு பேருக்கும் ஒரே குசினி. அந்தக் குசினிதான் எங்கள் பாராளுமன்றம்.

பருத்தித்துறைப் பெடியன் மன்செஸ்டர் யுனைட்டெட். போன சீசனில் 15ஆம் இடத்தில் முடித்த அணி, வாய் மட்டும் முதலாமிடம். மட்டக்களப்பு அண்ணா செல்சி. போன மாதம் கழகங்களுக்கான உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பாரிஸ் அணியை 3-0 என்று வென்ற நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. எங்களைச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அடித்து அனுப்பிய அதே பாரிஸ். அதை ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஞாபகப்படுத்துவார். காரைக்குடித் தம்பிக்குக் கிரிக்கெட்தான். ஆனாலும் சண்டை தொடங்கினால் முதல் ஆளாகத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நிற்பான். யார் தோற்கிறார்களோ அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுவான், பாவம்.

ஜூலையில் ஸ்பெயின் நடுக்கள வீரர் சுபிமெண்டி ஆர்சனலில் ஒப்பந்தமானதிலிருந்து குசினி ஓயவில்லை. பருத்தித்துறையின் கட்சியும் உங்கள் கட்சியும் ஒன்றுதான்: "கோல் அடிக்க ஆளில்லாமல் தவிக்கிற அணி, பின்னுக்குப் பந்து தட்டுகிறவனை வாங்குகிறது." பழைய கழகம் அவரை விடுவதற்கான விடுவிப்புத் தொகையே 60 மில்லியன் யூரோ. அந்தக் காசுக்குத் திருக்கடலூர் முழுக்கப் புது வள்ளம் வாங்கலாம் என்று நீங்கள் குரல் பதிவில் சொன்னீர்கள். வாங்கலாம்தான். ஆனால் காசுக் கதையை லிவர்பூல்காரர் எடுக்கக் கூடாது சித்தப்பா. உங்கள் புது வீரர் விர்ட்ஸுக்கு நீங்கள் கொடுத்தது 100 மில்லியன் பவுண். மேலதிகமாகச் சேரக்கூடியது இன்னும் 16. நீங்கள் வாங்கினால் முதலீடு, நாங்கள் வாங்கினால் ஊதாரித்தனமா?

நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள், அதுதான் உறைத்தது. போன வருடம் லிவர்பூல் இதே சுபிமெண்டியைக் கேட்டது. அவர் ஊரைவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். நீங்கள் கையிலிருந்த கிராவன்பெர்க்கை அந்த இடத்தில் நிறுத்தி, 84 புள்ளியோடு கிண்ணத்தையும் தூக்கிவிட்டீர்கள். "அப்ப அவன் இல்லாமலே நடக்குதே, உங்களுக்கு மட்டும் ஏன்?" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். மூன்று நாள் யோசித்தேன், வேலையிலும்கூட.

எங்களுக்கு வந்தது 74 புள்ளி. தோற்றது நாலே நாலு ஆட்டம், உங்களைப் போலவே. ஆனால் சமநிலை 14! வெல்ல வேண்டியதை வெல்லாமல் விட்டதுதான் எங்கள் வியாதி. சிவப்பு அட்டை, சாகாவின் காயம், ஹாவெர்ட்ஸின் காயம் என்று சாட்டுகள் உண்டு. அவை எல்லாருக்கும் வரும். என் கண்ணுக்குப் பட்டது வேறு. எங்கள் நடுக்கள வீரர் ரைஸ் ஓர் ஆள், இரண்டு வேலை. பின்னால் நின்று மறிக்கவும் வேண்டும், முன்னால் ஓடி அடிக்கவும் வேண்டும். ஏப்ரலில் ரியல் மட்ரிட்டுக்கு அவர் அடித்த இரண்டு ஃப்ரீ கிக்கையும் நீங்களே நடுச்சாமம் முழித்திருந்து பார்த்து எனக்குச் செய்தி அனுப்பினீர்கள், லிவர்பூல்காரர் என்பதையும் மறந்து. அந்த மனிதனைப் பின்னால் காவலுக்கு நிறுத்துவது அநியாயம் இல்லையா? காவலுக்கு இன்னொருவர் வந்துவிட்டால் ரைஸை அவிழ்த்து விடலாம்.

சரி, பேப்பர்க் கதை போதும். சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன்!

சீசனுக்கு முந்திய ஆட்டம், அத்லெடிக் பில்பாவோவோடு. லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் என்றால் உறுப்பினராகி, குலுக்கலில் பெயர் விழவேண்டும். இதற்கு அவ்வளவு கரைச்சல் இல்லை. ஈஸ்ட்ஹாமில் ஏறி, கிங்ஸ் குரொஸில் மாறினால் ஆர்சனல் என்றே பெயருள்ள ஸ்டேஷன். 1932இல் கழகத்துக்காக ஸ்டேஷனின் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். இறங்கியதும் நீளமான ஒரு சரிவுப் பாதை. சனம் நெருங்கி ஏறும்போது, தேர் அன்று பத்திரகாளி கோயில் வீதியில் நிற்கிற மாதிரியே இருந்தது, கற்பூர வாசம்தான் இல்லை.

எனக்குக் கிடைத்தது உச்சி வரிசை. முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகுதான் விளங்கியது, சுபிமெண்டியைப் பார்க்க அதுதான் சரியான இடம். பந்தை விட்டுவிட்டு அவரின் 36ஆம் இலக்கத்தை மட்டும் பத்து நிமிடம் பார்த்தேன். பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் இடது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலால் ஒரு பார்வை. எத்தனை தரம் என்று எண்ணத் தொடங்கி இருபதோடு விட்டுவிட்டேன். பந்து வந்தால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பிறகு இரண்டு அடி தள்ளி நிற்பார். அந்த இரண்டு அடியால் எதிரணியின் ஒருவன் தன் இடத்தைவிட்டு இழுபட்டு வருவான், அவன் விட்ட இடத்தில் எங்கள் ஆள் ஒருவன் நிற்பான். தொலைக்காட்சியில் இது தெரியாது, அதில் கமரா பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்போது எனக்கு நினைவு வந்தது நீங்கள்தான். கரைவலை இழுக்கும்போது நீங்கள் கயிற்றில் கை வைப்பதே இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் வேர்த்து விறுவிறுத்து இழுப்பார்கள். நீங்கள் நடுவில் நின்று கடலைப் பார்த்தபடி, "தெற்குப் பக்கம் பொறு, வடக்கு விடாதே" என்று கத்துவீர்கள். சித்தப்பாவுக்குச் சோம்பல் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். பிறகு ஒருநாள் நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். நடுவில் வேறொருவர் நின்றார். தெற்குக் கயிறு முந்திக்கொண்டு வந்து, வலை சரிந்து, அதன் மடியில் இருந்த கீரி மீன் அவ்வளவும் கண்முன்னே போனது. காகம்கூட ஏமாந்த நாள் அது. நீங்கள் போர்வையோடு வந்து வாசலில் நின்று, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனீர்கள்.

அந்த இடத்துக்குத்தான் இந்த 60 மில்லியன் என்றேன் குசினியில். "அப்ப உன் சித்தப்பாவையே வாங்கியிருக்கலாம், மலிவு" என்றான் பருத்தித்துறை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பின்னுக்குத்தான் தட்டுவார் என்றீர்களே, முதலாவது கோலுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டது அவர்தான். தலையால் அடித்தவர் யொக்கெரெஸ், கோல் அடிக்க நாங்கள் வாங்கிய ஆள். போன சீசனில் போர்த்துக்கலில் 52 ஆட்டத்தில் 54 கோல் அடித்தவர். மூன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது. அதற்கு மூன்று நாள் முந்தி வில்லாரியலிடம் 3-2 என்று தோற்றதையும் நானே எழுதிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள்.

சுபிமெண்டியின் ஊர் சான் செபஸ்டியன், ஸ்பெயினின் வடக்குக் கரையில். படம் தேடிப் பார்த்தேன். பிறை மாதிரி வளைந்த விரிகுடா, வாயில் ஒரு சின்னத் தீவு, இரு பக்கமும் குன்று. ஒரு நொடி, உவர்மலையில் நின்று கீழே பார்ப்பது போல இருந்தது. சிறுவயதிலிருந்தே ஊர்க் கழகமான ரியல் சொசியடாட்தான். 26 வயது வரைக்கும் அசையவில்லை. இங்கே வந்தது ஏன் தெரியுமா? நான் நினைக்கிறேன், ஊர்க்காரர் இருப்பதால்தான். பயிற்சியாளர் ஆர்டெட்டா பிறந்தது அதே சான் செபஸ்டியன். மெரினோ அதே கழகத்தில் அவரோடு ஆடியவர். கப்டன் ஓடேகார்டும் ஒரு சீசன் அங்கே ஆடியிருக்கிறார். எங்கள் வீடு மாதிரிதான். முதலில் மட்டக்களப்பு அண்ணா வந்தார், அவர் சொல்லி நான் வந்தேன். வந்த அன்று ஸ்டேஷனில் வந்து நிற்க ஓர் ஆள், முதல் இரவு பாணும் சம்பலும் தர ஓர் ஆள். 60 மில்லியன்காரருக்கும் அது தேவையாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி எழுதியிருக்கிறேனா? வெஸ்ட்ஹாம் இரசிகர். இங்கிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி அப்டன் பார்க்கில்தான் அவர்களின் பழைய மைதானம். 2016இல் கழகம் ஸ்ட்ராட்போர்டுக்குப் போய்விட்டது, மைதானத்தை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். 1966 உலகக் கிண்ணத்தோடு அவர்களின் வீரர் பொபி மூரைத் தோளில் தூக்கி நிற்கும் சிலை மட்டும் சந்தியில் நிற்கிறது. கிழவர் பஸ்ஸில் அதைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வார். 2023இல் ரைஸை எங்களுக்கு விற்றார்கள், 105 மில்லியன் வரைக்கும். இரண்டு வருடமாகியும் என்னைக் கண்டால் முதல் வார்த்தை, "என் பெடியன் எப்படி இருக்கிறான்?" நான் அவருக்குக் குப்பைத்தொட்டியை வெளியே இழுத்து வைத்துக்கொடுப்பேன். ரைஸுக்கான தவணைப் பணம் என்று சொல்லிச் சிரிப்பார்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி ஆட்டத்தை இங்கே தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டமாட்டார்கள். சனம் மைதானத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடும் என்று 1960களில் போட்ட கட்டுப்பாடு, இன்னும் எடுக்கவில்லை. நீங்கள் இரவு ஏழரைக்குக் கடை வாசலில் பிளேன்ரீ குடித்தபடி அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பீர்கள். நான் மைதானத்திலிருந்து சில மைல் தூரத்தில் இருந்துகொண்டு கைபேசியில் புள்ளி பார்த்துக்கொண்டிருப்பேன். லண்டனுக்கு வந்த புதிதில் இதை நான் நம்பவே இல்லை. ஆகவே அப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு நீங்கள்தான் எனக்குக் கண். பெனால்டி சரியா பிழையா என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும், லிவர்பூல் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது.

உங்கள் லிவர்பூல் வீரர் ஜோட்டா விஷயத்தில் மட்டும் என்னிடம் பகிடி இல்லை சித்தப்பா. ஜூலை 3 காலையில் வேலையால் வந்து படுக்கும்போதுதான் செய்தி கண்டேன். தம்பியோடு காரில் போகும்போது விபத்து, இருவரும் போய்விட்டார்கள். கலியாணம் கட்டி இரண்டு கிழமைகூட இல்லை. உங்களுக்கு எடுத்தேன், நீங்கள் பதில் சொல்லவில்லை, கடலுக்குப் போய்விட்டார் என்று சித்தி சொன்னார். குசினியில் அன்று யாரும் வாய் திறக்கவில்லை. யுனைட்டெட்காரன்தான் போய் மெழுகுதிரி வாங்கி வந்தான்.

இனி சீசன். மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாமிடம். 84 புள்ளி எடுத்தோம், மன்செஸ்டர் சிற்றி 89. 89 எடுத்தோம், சிற்றி 91. பிறகு நீங்கள். கடைசியாக நாங்கள் பிரீமியர் லீக் கிண்ணம் தூக்கியது 2004இல், 38 ஆட்டத்தில் ஒன்றும் தோற்காமல். அப்போது நடுவில் நின்றவர் வியேரா. இந்த முறை எங்களுக்குத்தான் என்று சத்தியம் பண்ணமாட்டேன், மூன்று தரம் பண்ணியாயிற்று. தொடக்கமே கஷ்டம். 17ஆம் திகதி ஓல்ட் ட்ராஃபோர்டில் யுனைட்டெட், 31ஆம் திகதி அன்ஃபீல்டில் நீங்கள், செப்டெம்பரில் சிற்றி. இந்த மூன்றிலும் ஐந்து புள்ளி எடுத்தால் நான் நிம்மதியாக மூச்சு விடுவேன். பருத்தித்துறை மூன்று என்கிறான். அண்ணா ஒன்று என்கிறார். காரைக்குடி ஒன்பது என்கிறான், அவனுக்கு ஆட்டமே தெரியாது.

உங்கள் அணியும் அவ்வளவு பயப்பட வேண்டிய நிலையில் இல்லை. முந்தாநாள் வெம்பிளியில் கிரிஸ்டல் பாலஸிடம் பெனால்டியில் தோற்றதையும், சலா வானத்துக்கு அடித்ததையும் பார்த்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுத மட்டும்தான் செய்கிறேன்.

31ஆம் திகதி ஆட்டம் உங்களுக்கு இரவு ஒன்பது மணி. பந்தயம் வைப்போம். நாங்கள் வென்றால் கீரிக் கருவாடு ஒரு கிலோ, அடுத்ததாக ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற நேரம், நன்றாகக் காய்ந்திருக்கும். நீங்கள் வென்றால் லிவர்பூலின் புதுச் சட்டை ஒன்று நான் வாங்கி அனுப்புகிறேன். கடைக்குள் போய் அதைக் கையில் எடுக்கவே எனக்குக் கூசும், ஆனாலும் வாக்கு வாக்குத்தான். சமநிலை என்றால் ஒன்றுமில்லை. பதினான்கு பார்த்த எனக்கு அது பழக்கம்.

சட்டை அளவு மீடியமா லார்ஜா என்று எழுதுங்கள். இல்லை, சித்தியையே எழுதச் சொல்லுங்கள். போன முறை நீங்கள் சொன்ன அளவை நம்பி அனுப்பிய சட்டையைத் தம்பிதான் போட்டுத் திரிகிறானாம்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்