பிக்காசோவின் கழைக்கூத்தாடிகள்: வலது ஓரத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிக்காசோ 1905-ல் தீட்டிய 'கழைக்கூத்தாடிகளின் குடும்பம்' பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அதைப் பசியில் வாடும் ஒரு சர்க்கஸ் கம்பெனியின் படம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. உடன் வெளியான படத்தில் வலது ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. தொப்பி அணிந்த பெண் உட்கார்ந்திருப்பது அந்த ஓரத்தில்தான். மற்ற ஐந்து பேரும் இடப்பக்கம் சேர்ந்து நிற்க, இவள் மட்டும் பக்கத்தில் ஒரு மண்ஜாடியோடு தனியே இருக்கிறாள். இவளை எடுத்துவிட்டால் படத்தின் இழுவிசையே போய்விடும்.

பாரீசின் மோன்மார்த் பகுதியில் குடியிருந்த பிக்காசோ, அருகிலிருந்த மெத்ரானோ சர்க்கசுக்கு அடிக்கடி போனவர். ஆனால் இந்தப் படத்தில் கூடாரமும் இல்லை, வித்தையும் இல்லை, பார்வையாளரும் இல்லை. இருப்பது வெறும் மணல்வெளி. ஆறு பேரில் ஒருவர் கண்ணை மற்றவர் சந்திக்கவில்லை. கட்டம் போட்ட உடை அணிந்த ஹார்லிக்வின் (இத்தாலிய நாடகங்களில் வரும் கோமாளிப் பாத்திரம்) மட்டும் சிறுமியின் கையைப் பிடித்திருக்கிறான். அவன் முகச்சாயல் பிக்காசோவுடையது என்பது பலர் கருத்து. சிவப்பு உடையில் இருக்கும் பருத்த கோமாளி, தோளில் சுமையோடு நிற்கும் இளைஞன், அடுத்த சிறுவன் எல்லோரும் அருகருகே நின்றும் தனித்தனியே இருக்கிறார்கள்.

இதை வறுமைச் சித்திரம் என்று மட்டும் சொல்ல முடியாததற்கு வலுவான காரணம், பிக்காசோ எவற்றை நீக்கினார் என்பதில் இருக்கிறது. மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ள முன்வரைவில் பின்னணியில் குதிரைப் பந்தயம் நடக்கிறது. சிறுமி ஒரு நாயைத் தடவிக்கொண்டிருக்கிறாள். இறுதிப் படத்தில் பந்தயம் இல்லை. நாய் இருந்த இடத்தில் பூக்கூடை. கதை சொல்லக்கூடிய ஒவ்வொன்றையும் அவர் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரே துணியில் பலமுறை மாற்றித் தீட்டியிருப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டுகின்றன. எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஒளி ஊடுருவும் தன்மை கூடும். அதனால் இப்படி மாற்றித் தீட்டிய படங்களில் அடியிலுள்ள கோடுகள் காலப்போக்கில் மேலே தெரியத் தொடங்கும். அவற்றைக் கறை என்றோ அச்சுப்பிழை என்றோ எண்ணி, கணினியில் 'சுத்தம்' செய்துவிடக் கூடாது.

அளவையும் கட்டுரை குறிப்பிடவில்லை. வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ள மூலம் 212.8 செ.மீ. உயரம், 229.6 செ.மீ. அகலம், ஏறத்தாழ ஏழடிக்கு ஏழரையடி. வரலாற்றுக் காட்சிகளுக்கும் மன்னர்களுக்கும் ஓவியர்கள் ஒதுக்கிவந்த அளவை, தெருவில் வித்தை காட்டுபவர்களுக்குக் கொடுத்திருக்கிறார் பிக்காசோ. இதைச் சொல்லாமல் அந்த ஓவியத்துக்குப் பொருள் கூறுவது எப்படி?

படத்தை மீண்டும் வெளியிட்டால் நான்கு விளிம்பும் தெரியும்படி, குறைந்தது நான்கு பத்தி அகலத்தில் போடுங்கள். செய்தித்தாள் காகிதத்தில் இளஞ்சிவப்பும் காவியும் ஒன்றாகக் கலங்கும். சிவப்பைச் சற்றுக் குறைத்து அச்சிட்டால் மணலிலிருந்து அந்தப் பெண் பிரிந்து தெரிவாள்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்