சந்தா ஆர்டர்: பணம் எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே பணம் பிடிக்கப்பட்டு, தானாகவே பொருள் வீடு வந்து சேரும் சந்தா முறை இணையக் கடைகளில் பரவலாகிவிட்டது. அதன் வசதிகள் பற்றி நிறையவே எழுதப்படுகின்றன. அந்த ஆர்டர்களைக் கடைக்காரர்கள் எப்படி நிர்வகிக்க வேண்டும் என்பது பற்றி அவ்வளவாக எழுதப்படுவதில்லை. இணையக் கடைகளின் சந்தா ஆர்டர்களைக் கவனித்துவரும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சந்தாவில் சேரும் நாளில் ஒருவர் கொடுத்த ஒப்புதலை வைத்துக்கொண்டு காலமெல்லாம் பணம் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று பல கடைகள் நினைக்கின்றன. ஒவ்வொரு தவணையும் ஒரு புதிய ஆர்டர் என்பதும், அதைப் பார்த்துச் சரிசெய்யவோ தள்ளிப்போடவோ வேண்டாம் என்று சொல்லவோ வாடிக்கையாளருக்கு உரிய அவகாசம் தரப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இணையத்தில் படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் கட்டும் சந்தாவோடு இதை ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது. ஒரு மாதம் படமே பார்க்காதவரின் வீட்டில் எதுவும் சேர்ந்துவிடுவதில்லை. சலவைத் தூளோ சவரத் தகடோ பூனைத் தீவனமோ என்றால், போன முறை வந்ததில் பாதி மீதி இருக்கும்போதே அடுத்த பெட்டி வாசலுக்கு வந்துவிடும். இப்படி ஓரிரு முறை நடந்தால் அவர் சந்தாவையே ரத்து செய்துவிடுகிறார். ரத்து செய்பவர்களிடம் காரணம் கேட்டால், பொருள் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களைவிட, வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று சொல்பவர்களையே அதிகம் காண்கிறோம். இந்த ஒரு தவணையை மட்டும் விட்டுவிடும் வசதியோ, நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பதை ஆறு வாரமாக மாற்றிக்கொள்ளும் வசதியோ இருந்திருந்தால் அவர் நம்மிடமே இருந்திருப்பார். கணக்குப் பக்கத்தில் ரத்து என்ற ஒரே ஒரு பொத்தானை மட்டும் வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் நிலைப்பதில்லை என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

முன்னறிவிப்பு இதைவிட முக்கியமானது. இந்தியாவில் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தானாகப் பிடிக்கப்படும் தொடர் கட்டணங்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் கட்டணத்தை மட்டுமோ மொத்த ஒப்புதலையுமோ விலக்கிக்கொள்ளவும் அவருக்கு வழி இருக்க வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை இது நல்ல பாதுகாப்பு. ஆனால், இந்தத் தகவலை அனுப்புவது கார்டு வழங்கிய வங்கி. தொகை, கடையின் பெயர், பிடிக்கப்படும் தேதி ஆகியவை அதில் இருக்கும். எந்தப் பொருள் எத்தனை வரப்போகிறது, எந்த முகவரிக்கு வரப்போகிறது என்பதையெல்லாம் அதில் எதிர்பார்க்க முடியாது. அதோடு, கடைசி ஒரு நாளில் கிடங்கில் பொருளை எடுத்து வைக்கும் வேலை தொடங்கிவிட்டிருக்கும். ஆகவே கடை தன் பங்குக்கு ஒரு வாரம் முன்பாவது தனியாக ஒரு தகவல் அனுப்ப வேண்டும். பெட்டியில் வரவிருப்பவை, மொத்தத் தொகை, முகவரி, பணம் பிடிக்கும் நாள், எந்த நாள் எத்தனை மணி வரை மாற்றம் செய்யலாம் என்ற விவரம் ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். மறந்துபோன கடவுச்சொல்லைத் தேடி அலையவிடாமல், அந்தத் தகவலில் உள்ள இணைப்பிலிருந்தே தவணையைத் தள்ளிப்போட முடிய வேண்டும்.

முகவரி விஷயத்தை இங்கே சற்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகார்களில் அடிக்கடி வருவது இதுதான். பெரும்பாலான கடை மென்பொருள்களில் சந்தா என்பது ஒரு பதிவு. அதிலிருந்து நகலெடுத்து ஒவ்வொரு தவணைக்கும் உருவாகும் ஆர்டர் வேறொரு பதிவு. இந்தத் தவணையின் ஆர்டர் உருவான பிறகு வாடிக்கையாளர் சந்தாவில் முகவரியை மாற்றினால், புதிய முகவரி அடுத்த தவணையிலிருந்துதான் செல்லும். கையில் இருக்கும் பெட்டி பழைய வீட்டுக்கே போய்ச் சேரும். கணக்கின் பொது முகவரியை மாற்றியும் சந்தாவில் இருப்பது மாறாமல் அப்படியே நிற்பதும் உண்டு. திரையில் புதிய முகவரியைப் பார்த்தவர் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நம்புவார். ஏற்கெனவே உருவான ஆர்டருக்கும் சேர்த்து மாற்றலாமா, இனி வருபவற்றுக்கு மட்டுமா என்று மாற்றும் இடத்திலேயே கேட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தேதிக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். ஜனவரி 31 அன்று சேர்ந்தவருக்கு பிப்ரவரியில் 28ஆம் தேதி பணம் பிடிக்கப்படுவது இயல்பு. ஆனால் கடைசியாகப் பிடித்த தேதியிலிருந்து அடுத்ததைக் கணக்கிடும் மென்பொருள், மார்ச்சிலும் 28, ஏப்ரலிலும் 28 என்று அங்கேயே நின்றுவிடும். மாதக் கடைசியில் என்று சொல்லிச் சேர்ந்தவருக்கு ஏன் தேதி மாறியது என்பது விளங்காது. சேர்ந்த நாளை மூலத் தேதியாகத் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கணக்கிட வேண்டும். மாதம் ஒரு முறை என்று விளம்பரம் செய்துவிட்டு உள்ளே நான்கு வாரம் என்று அமைத்து வைப்பது இதைவிட மோசம். அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 12 முறைக்குப் பதில் 13 முறை பணம் பிடிக்கப்படும். கவனக்குறைவால் நடந்தாலும் தெரிந்தே நடந்தாலும் வாடிக்கையாளருக்கு இழப்பு ஒன்றுதான்.

பணம் பிடிக்க முடியாமல் போகும் சந்தர்ப்பங்களில்தான் கடையின் நிர்வாகம் உண்மையில் சோதிக்கப்படுகிறது. கட்டணம் மறுக்கப்படும்போது வங்கி ஒரு குறியீட்டை அனுப்புகிறது. 51 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. 54 என்றால் கார்டு காலாவதியாகிவிட்டது. 41 தொலைந்த கார்டு, 43 திருட்டுப்போன கார்டு. பணம் குறைவாக இருந்தவரிடம் இரண்டு மூன்று நாள் கழித்து மீண்டும் முயன்று பார்ப்பதில் பொருள் உண்டு. தொலைந்ததாகப் புகார் செய்யப்பட்ட கார்டில் மீண்டும் மீண்டும் முயல்வதால் ஒரு பயனும் இல்லை; உடனே வாடிக்கையாளருக்குத் தெரிவித்து வேறு கார்டு கேட்பதுதான் முறை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி முயன்றுகொண்டிருக்கும் கடைகள் வங்கிகளின் சந்தேகத்துக்கு ஆளாகின்றன. அதன் பிறகு நல்ல கார்டுகளில் வரும் கட்டணங்களும் மறுக்கப்பட வாய்ப்புண்டு. முயற்சிகள் எல்லாம் தோற்றாலும் சந்தாவை அடியோடு நீக்கிவிடாமல் நிறுத்தி வைத்தால், புதிய கார்டைச் சேர்த்தவுடன் அவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாமதமாகப் பணம் கிடைத்த தவணைக்கு அடுத்த தேதியையும் அதே அளவு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரம் தாமதமாக வந்த பெட்டியின் பின்னாலேயே அடுத்த பெட்டியும் வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறானது, ஒரே தவணைக்கு இருமுறை பணம் பிடிக்கப்படுவது. கடையின் கணினி கட்டண நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது இணைப்பு அறுந்துபோகலாம். பணம் எடுக்கப்பட்டிருக்கும், ஆனால் பதில் வந்து சேர்ந்திருக்காது. தோல்வி என்று எண்ணி மென்பொருள் மறுபடியும் கேட்கும். ஒவ்வொரு தவணைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, எத்தனை முறை கேட்டாலும் அதே எண்ணுடன் கேட்டால், மீண்டும் பணம் எடுக்காமல் முதல் முறை கிடைத்த முடிவையே திருப்பித் தரும் ஏற்பாடு பல கட்டண நிறுவனங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, புகார் வந்த பிறகு பணத்தைத் திருப்பித் தருவதைச் சேவை என்று சொல்லிக்கொள்வது பொருத்தமாகத் தெரியவில்லை.

விலை உயர்ந்தால் அதைப் பிடிப்பதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கையிருப்பு இல்லாதபோது மட்டும் ஒரு கேள்வி எழுகிறது. கேட்காமல் வேறு பொருளை மாற்றி அனுப்புவதா, காத்திருக்கச் சொல்வதா? என்னைக் கேட்டால், பொருள் கையில் இல்லாத தவணைக்குப் பணமே எடுக்கக் கூடாது.

ரத்து செய்யும் உரிமையைச் சட்டங்களே கையில் எடுத்துக்கொண்டுவிட்டன. கலிபோர்னியாவில் 2018 ஜூலை 1 முதல், இணையத்தில் சேர்ந்தவர் இணையத்திலேயே விலக வழி இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் செய்துகொள்ளும் தொடர் ஒப்பந்தங்களுக்கு எளிதில் கண்ணில் படும் ரத்துப் பொத்தான் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், இணையதளங்கள் கையாளும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டன. விலக முடியாதபடியோ மிகவும் சிரமப்பட்டுத்தான் விலக முடியும் என்னும்படியோ அமைக்கும் சந்தாப் பொறியும் அவற்றில் ஒன்று. சேர்வதற்கு ஒரு சொடுக்கும் விலகுவதற்கு அலுவலக நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பும் என்று வைத்திருக்கும் கடைகள் இதைப் படிக்க வேண்டும். பணம் பிடித்த பின் ரத்து செய்தவருக்கு அந்தத் தவணைப் பொருள் வருமா, பணம் திரும்புமா என்பதையும் ரத்து செய்யும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை; கையில் உள்ள மென்பொருளின் அமைப்புகளை ஒரு நாள் உட்கார்ந்து சரிபார்த்தாலே போதும். புதிதாகச் சந்தாவில் சேர விரும்பும் வாசகர்கள் எத்தனை நாளுக்கு ஒரு முறை பணம் பிடிக்கப்படும், தவணையைத் தவிர்க்கும் வசதி எங்கே இருக்கிறது, ரத்து செய்யும் வழி என்ன என்பவற்றைக் கார்டு எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளும்படி, தங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு விளக்கக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்